பாலையில் தங்குதல்

அப்பா துபாயிலேயே ஓய்வுக்காலத்தைக் கழிக்கப் போவதாகச் சொன்னபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "அங்கயேன்னா?" என்றார் அம்மா. "அங்கயேதான். நீயும் கிளம்பி வா." அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

1996இல் வன்னியம்பட்டியிலிருந்து கணக்கு எழுதும் வேலைக்குப் போனவர். இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எல்லாரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். வேலை முடிந்தால் விசாவும் முடியும், மூட்டை கட்ட வேண்டும் என்பதுதான் வளைகுடாவின் நெடுநாள் விதி. 2020இல் துபாய் அதில் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. 55 வயதைத் தாண்டியவர்கள் ஐந்து வருட ஓய்வு விசா வாங்கலாம், புதுப்பிக்கலாம். பத்து லட்சம் திர்ஹம் சேமிப்பு, அல்லது சொத்து, அல்லது பெரிய மாத வருமானம் காட்ட வேண்டும். மருத்துவக் காப்பீடு நம் செலவு. பத்து லட்சம் திர்ஹம் என்பது நம் காசில் இரண்டு கோடிக்கு மேல்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருடமாக இந்த வீட்டுக்குக் காத்திருக்க மட்டும்தான் தெரியும். காத்திருந்ததற்கு ஒரு முடிவு இருக்கும் என்று நம்பியிருந்தோம். அதைக் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அப்பா நிதானமாகச் சொன்னார்: "நான் லீவுல வந்தா ஒருத்தன்கூட 'எப்ப வந்தீக'ன்னு கேக்க மாட்டான்ப்பா. 'எப்ப போறீக'ன்னுதான் கேப்பான். ஊர்ல நான் ஆளே இல்ல. மொய் எழுதுற கை."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கோயில் கொடைக்கு அதிக வரி அவருக்குத்தான். சித்தப்பா பையனின் இன்ஜினீயரிங் சீட்டு, அத்தை வீட்டுக் கல்யாணம், பங்காளிச் சண்டைக்கு வக்கீல் பீஸ், எல்லாம் அவர் அக்கவுண்டிலிருந்துதான். துபாயிலோ சாயங்காலம் ஒரு திர்ஹம் கொடுத்து அப்ராவில் ஏறி அக்கரைக்குப் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார். யாருக்கும் அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. என்ன சாதி என்று தெரியாது. அதைத்தான் அவர் நிம்மதி என்கிறார். நாம் நகரத்துக்கு ஓடி வந்ததும் அதற்காகத்தானே? இருபத்தைந்து வயதில் நமக்கு அது சுதந்திரம். அறுபதில் அப்பன் கேட்டால் மட்டும் பொறுப்பின்மையா?

ஆனாலும் ஏதோ இடித்தது. பள்ளியில் படித்த ஐந்திணை ஞாபகம் வந்தது. பாலைக்குத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதன் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிப் போகிறவன் அதைக் கடந்து போவான், கடந்து திரும்புவான். அந்தப் பாட்டுகளில் எவனும் பாலையில் வீடு பார்த்ததில்லை. அவள் ஒருத்தி வீட்டில் நாள் எண்ணிக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் அவள் பெயர் அம்மா. இத்தனைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம் கிடக்கும் எங்கள் ஊரும் பாதிப் பாலைதான். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றினால் கண்மாயில் கிரிக்கெட் ஆடலாம்.

பாலையில் போய் முதுமையைக் கழிப்பதை ஒரு வியாபாரமாகவே ஆக்கியது அமெரிக்கா. அரிசோனாவில் பருத்திக் காடாகக் கிடந்த இடத்தில் டெல் வெப் என்ற கட்டுமான முதலாளி 1960 ஜனவரி 1 அன்று சன் சிட்டியைத் திறந்தார். (ராஜபாளையம் பக்கத்துக்காரனுக்குப் பருத்தி என்றால் காது நிமிரும்.) வெயில், கோல்ஃப், நீச்சல் குளம். வீட்டுக்கு ஒருவராவது 55 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், சிறுபிள்ளைகள் குடியிருக்கக் கூடாது. பிள்ளைகள் இல்லாததால் பள்ளிக்கூட வரியும் தங்களுக்கு வேண்டாம் என்று அங்கே கேட்டார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் பொறி தட்டியது. யாருக்கும் கடன்படாத முதுமை என்பது கடைசியில் அங்கே போய்த்தான் நிற்கிறது.

ஆனால் கடன்படாமல் இருக்கிறோம் என்பதே கணக்குப் பிழை. துபாயின் குடிநீர் ஏறக்குறைய எல்லாமே கடலிலிருந்து உப்பு நீக்கி எடுப்பது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே போட வேண்டிய வெயில். அந்த வெயிலில் யாரோ கட்டிய கட்டடத்தில்தான் ஏசி ஓடுகிறது. அப்பாவின் முதல் அறையில் ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் உழைத்தது அதே ஊருக்குத்தான். முதுகு வளைந்ததும் அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அங்கே கிழவனாக இருக்கும் உரிமையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அப்பாவால் வாங்க முடிகிறது. இதைச் சொன்னேன். வெகுநேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "நான் ஊருக்கு வந்துட்டா அவனுகளுக்கு விசா குடுத்துருவானா?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான்.

அம்மாவின் தடை இவ்வளவு சுற்றி வராது. "அங்க செத்தா யாருய்யா தூக்குவா?" ஜெபல் அலியில் தகனம் செய்யலாம் என்று அப்பா சொன்னார். "எரிக்கிறதக் கேக்கல. தூக்குறதக் கேக்கேன்." பேச்சை மாற்ற அப்பா மரத்துக்குத் தாவினார். அங்கே காஃப் என்று ஒரு மரம், நம் வன்னியேதான், 2008இல் அதைத் தேசிய மரமாக அறிவித்திருக்கிறார்கள், "நம்ம ஊர் மரம் அங்கயும் நிக்குது பாரு" என்றார். ஊர்ப் பெயர் அந்த மரத்திலிருந்து வந்ததோ இல்லையோ, அவருக்கு அது போதுமாக இருந்தது. அம்மாவுக்குப் போதவில்லை. "மரம் நிக்கும்" என்று எழுந்து போய்விட்டார்.

நான் இதை இவ்வளவு யோசிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவின் சேமிப்பும் கணக்குத் தீர்க்கும்போது வரும் பணமும் சேர்ந்தால் ஏழு லட்சம் திர்ஹம். மிச்சத்துக்கு, தாத்தா வழியில் வந்த இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பை விற்க வேண்டும். அதற்கு என் கையெழுத்து வேண்டும். நான் சென்னையில் இருக்கிறேன். அந்தத் தோப்பில் நான் கடைசியாக இளநீர் குடித்து நாலு வருடம் ஆகிறது. ஊருக்குத் திரும்பும் எண்ணம் எனக்கும் இல்லை. நான் இருக்க மாட்டாத ஊரில் அவர் இருந்தாக வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? அம்மாவோ தோப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாரம் ஒருமுறை போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிறார்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்திரம் எழுதுகிறவர் போன் செய்து ஆதார் நகல் கேட்டார். அனுப்பினேன். என்றைக்கு வருகிறீர்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.