பிறர் வாசலில் கடை விரிக்கலாமா?

சென்ற ஆண்டு தசலக்ஷண பருவத்தில், உத்தம சௌச தருமத்திற்குரிய நாளன்று, என் பழைய மாணவர் ஒருவர் திருவொற்றியூரிலிருந்து என்னைக் காண வந்திருந்தார். அவர் நம் சமயத்தவர் அல்லர். எண்ணூர்ப் பக்கத்து வாகனத் தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுத்த தந்தையின் லேத் பட்டறையை ஏற்று நடத்துபவர். அந்த வேலை குறைந்து போகவே, 2020ஆம் ஆண்டு ஊரடங்கிற்குப் பின் இரும்புத் தோசைக்கல்லும் கடாயும் செய்து இணையச் சந்தையில் விற்று வருகிறார். பட்டறையில் மூவர் கூலிக்கு இருக்கிறார்கள். நலம் விசாரித்து முடிந்ததும், தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

“டீச்சர், நீங்கள் எங்களுக்குக் கள்ளாமை அதிகாரம் நடத்தினீர்கள். நான் இப்போது செய்வது அதில் சேருமா, சேராதா? அதை மட்டும் சொல்லுங்கள்.”

அவர் செய்வது இன்னதென்று விளங்கிக்கொள்ளவே எனக்கு அரை நாழிகை ஆயிற்று. வாசக அன்பர்களுள் என் வயதினர் சிலருக்கும் அவ்வாறே இருக்கக்கூடும் என்பதால் சற்று விரிவாகக் கூறுகிறேன்.

இணையச் சந்தையில் விற்கும் பொருளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. படம் எடுப்பதும், எடையும் அளவும் எழுதுவதும், வாங்கியவர் குறை சொன்னால் பதில் கூறுவதும் விற்பவர் வேலை. விற்பனையானால் விலையில் ஒரு பங்கு சந்தைக்காரருக்குத் தரகாகப் போகும். இதுவரை பழைய மண்டி வழக்கமே. ஆனால் அதே பக்கத்தில், விலைக்குக் கீழேயும் விவரத்திற்கு நடுவேயும், வேறு பட்டறைகளின் தோசைக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. அருகே வெளிறிய சிறிய எழுத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்றிருக்கும். காசு கொடுத்து வைத்தது என்பது அதன் பொருள். அந்த இடம் ஏலத்தில் போகிறது. எந்தச் சொல்லைத் தேடுபவர்க்குத் தன் பொருள் தோன்ற வேண்டும், அல்லது எவருடைய பொருளின் பக்கத்தில் தோன்ற வேண்டும் என்று போட்டியாளர் குறித்துக் கொடுத்து, பார்ப்பவர் ஒருமுறை விரலால் தொட்டால் இவ்வளவு தருகிறேன் என்று கேட்கிறார். கேட்ட தொகையோடு, பார்ப்பவர் அதைத் தொடுவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதையும் கணினி கணக்கிட்டு இடத்தை ஒதுக்குகிறது. தொட்டால்தான் காசு, பார்த்துவிட்டுப் போனால் இல்லை.

என் மாணவரின் பட்டறைப் பெயரை எழுத்துப் பிசகாமல் தட்டினாலும் முதலில் வருவது வேறொருவர் கல்லாக இருக்கிறது. அதைத் தடுக்க, தம் பெயருக்குத் தாமே ஏலம் கேட்கிறார். “என் வீட்டு வாசலுக்கு நானே வாடகை கட்டுகிறேன், டீச்சர்” என்றார்.

அவர் உறுத்தலுக்குக் காரணம் அதுவன்று. எண்ணூரில் கணவரை இழந்த அம்மையார் ஒருவர், அவர் விட்டுச்சென்ற பட்டறையில் இதே தொழிலை நடத்தி நல்ல பெயர் எடுத்திருக்கிறாராம். அந்த அம்மையாரின் பக்கத்தில் இவர் தம் கல்லைக் காட்டப் பணம் கட்டியிருக்கிறார். ஆர்டர் நன்றாக வருகிறது. இதைத்தான் களவா என்று கேட்டார்.

அன்று நான் உடனே விடை கூறவில்லை. எனக்கு நினைவு வந்தது திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வாயிலில் பூ விற்கும் பெண்களை. பணியில் இருந்த காலத்தில் அவ்வழியே பலமுறை நடந்திருக்கிறேன். பத்துக் கூடைகள் ஒட்டி ஒட்டி இருக்கும். தெருவில் வருகிற எவரையும் பத்துப் பேரும் கூவி அழைப்பார்கள். ஒருவர் ஒரு கூடையின் முன் குனிந்து முழம் என்ன விலை என்று கேட்டுவிட்டால், பக்கத்துக் கூடைக்காரி வாயை மூடிக்கொள்வாள். பேரம் படியாமல் அவர் நிமிர்ந்து ஓரடி நகர்ந்தால், உடனே மறுபடியும் அழைப்பு எழும். அந்த ஓரடிக்கு முன்னால் அழைத்தவள் அன்று முழுதும் ஏச்சுக் கேட்பாள். இதை அவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கடைக்கு நாள்வரி வசூலிக்க வருபவர், பக்கத்துக் கூடைக்காரியிடம் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு, அவளுடைய சரத்தை எடுத்து, இவளிடம் விலை பேசிக்கொண்டிருப்பவர் கண்முன் நீட்டினால் எப்படி இருக்கும்? அத்துடன் நில்லாமல், “நீயும் ஒரு ரூபாய் கொடு, நீட்டாமல் இருக்கிறேன்” என்று இவளிடமும் கேட்டால்? இணையச் சந்தையில் நடப்பது ஏறத்தாழ இதுவே. ரூபாயின் அளவு மட்டும் வேறு. அமேசான் நிறுவனம் ஒன்றே 2024ஆம் ஆண்டில் உலகெங்கும் விளம்பரத்தால் ஈட்டிய வருவாய் 5,600 கோடி டாலருக்கு மேல்.

இனி நம் ஆசாரியர்கள் கூறுவதைக் காண்போம். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். கள்வனைத் தூண்டுதல், கள்வன் கொணர்ந்ததை வாங்குதல், நாட்டு நெறிக்கு மாறாக வாணிபம் செய்தல், கள்ள நிறையும் கள்ள அளவும் கொள்ளுதல், போலியை நல்லதென விற்றல் என்பன அவை. இவற்றுள் கன்னக்கோல் எடுத்துச் சுவரைத் துளைப்பவன் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்தும் தராசுக்குப் பக்கத்தில் நடப்பவை. வணிகர்கள் மிகுந்த ஒரு சமுதாயத்திற்கு எழுதுகிறோம் என்பதை ஆசாரியர் நன்கு அறிந்திருந்தார் போலும்!

சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இன்னும் ஓரடி செல்கிறது. பிறர் வைத்ததும், தவறி விழுந்ததும், மறந்து விட்டதுமான பொருளை, உடையவர் கொடாதிருக்கத் தான் எடுத்துக்கொள்ளாமை என்பதோடு அவர் நிறுத்தவில்லை. அதை எடுத்து வேறொருவர்க்குக் கொடாமையையும் விரதத்தின் இலக்கணத்திலேயே சேர்த்திருக்கிறார். இந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பைப் பாடம் கேட்ட இளமை நாளில், இந்தப் பிற்பகுதி ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை. எடுக்காதவன் எப்படிக் கொடுப்பான் என்று நினைத்ததுண்டு. இப்போது விளங்குகிறது. தன் கையில் ஒன்றும் தங்காமல், ஒருவர் உடைமையை மற்றவர்க்குக் கைமாற்றி, கைமாற்றிய கூலியை மட்டும் பெறுகிற தொழிலும் உண்டு.

ஆனால் இங்கே உடைமை எது? வாங்க வருபவரா? அவர் ஓர் ஆன்மா, யாருக்கும் உடைமையாகார். எந்தக் கடையிலும் வாங்காமல் திரும்ப அவருக்கு உரிமை உண்டு. ஆகவே, “என் வாடிக்கையாளரைத் திருடிவிட்டான்” என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. எண்ணூர் அம்மையாருக்கு உரியது வேறு. அவர் எடுத்த படம், எழுதிய விவரம், ஒடுக்கு விழுந்த கல்லுக்கு மாற்றுக் கல் அனுப்பிப் பெற்ற நல்ல மதிப்புரைகள் ஆகிய இவற்றை நம்பித்தான் ஒருவர் அந்தப் பக்கத்தில் வந்து நிற்கிறார். அந்த நம்பிக்கை அவர் ஈட்டியது. அதன் நிழலில், அவரைக் கேளாமல், இன்னொருவர் கூடையை இறக்கி வைப்பதற்கு இடம் விற்கப்படுகிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? நம் சென்னை உயர்நீதிமன்றத்திற்கே இதையொத்த வழக்கு வந்ததுண்டு. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி முதலிய திருமணத் தளங்களை நடத்தும் நிறுவனம், தன் பெயர்களைக் கூகுளில் தேடுவோர்க்குப் போட்டித் தளங்களின் விளம்பரம் காட்டப்படுவதை எதிர்த்து வழக்காடியது. 2010 செப்டம்பரில் நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டார். அப்பெயர்கள் தொழிலை விவரிக்கும் பொதுச்சொற்களால் ஆனவை என்பது முக்கியமான காரணம். ‘தமிழ்’ என்ற சொல்லையும் ‘திருமணம்’ என்ற சொல்லையும் ஒருவர் வேலி போட்டு அடைத்துக்கொள்ள முடியாது அல்லவா? 2023 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம், வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் அகர்வால் பேக்கர்ஸ் தொடர்பான வழக்கில், பிறர் வணிகப் பெயரை விளம்பரச் சொல்லாகக் கொள்வது தன்னளவில் குற்றமன்று, பார்ப்பவர் மயங்கும்படி இருந்தால்தான் குற்றம் என்றது. ஆயினும் அப்பெயர்களை விளம்பரச் சொற்களாக விற்கிற கூகுள், தான் வெறும் இடைவழி என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது, செயலில் பங்குகொள்வதே அது என்றும் கூறியது. விளம்பரத்தை விளம்பரமென்று தோன்றாதபடி மறைத்துக் காட்டுவதை அதே ஆண்டு நவம்பரில் நடுவணரசின் நுகர்வோர் வழிகாட்டு நெறிகள் தடை செய்தன.

ஆக, மயக்காத வரையில் சட்டம் விட்டுவிடுகிறது. விரதம் அவ்வளவில் விடுவதில்லை என்று என் மாணவரிடம் கூறினேன். ‘இரும்புத் தோசைக்கல்’ என்று பொதுவாகத் தேடுபவரை அழைப்பது தெருவில் கூவுவது போன்றது, அதில் பழுதில்லை. ஒருவர் பெயரைச் சொல்லித் தேடி அவர் பக்கத்தில் வந்து நிற்பவரை அழைப்பது, குனிந்திருப்பவரை இழுப்பது போன்றது. பெரும்பழி இடத்தை விற்பவர்க்கு; வாங்குபவர்க்கும் அதில் பங்குண்டு என்றேன். சொல்லி முடித்தபோது எனக்கே சற்று நிறைவாக இருந்தது. பாடத்தைக் குறித்த நேரத்தில் முடித்துவிட்ட ஆசிரியரின் நிறைவு அது.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “நான் தொடங்கியதே அப்படித்தான், டீச்சர்” என்றார்.

2020இல் அவர் பெயரை யாரும் அறியார். பொதுச்சொற்களுக்கு ஏலம் மிக உயர்ந்து கிடந்தது. பெரிய நிறுவனங்களே அவற்றை எடுத்துக்கொண்டிருந்தன. ஆகவே ஒரு பெரிய நிறுவனத்தின் வார்ப்பிரும்புக் கல்லின் பக்கத்தில், ஒரு தொடுகைக்கு ஏழெட்டு ரூபாய் என்று கேட்டு, தம் கல்லை வைத்தார். முதல் மாதத்து ஆர்டர்களில் பெரும்பாலானவை அங்கிருந்தே வந்தன. அந்த வழி இல்லையென்றால் பட்டறை மூடிக் கிடந்திருக்கும். வாங்கியவர்களுக்கும் குறைந்த விலையில் நல்ல கல் கிடைத்தது. “அதுவும் களவென்றால், என் மூன்று ஆட்களும் உண்பது களவுச் சோறா?” என்றார். கேட்டது கோபத்தினால் அன்று.

அநேகாந்தவாதத்தை இவ்விடத்தில் துணைக்கழைத்து, ஒரு வகையில் களவு, ஒரு வகையில் களவன்று என்று கூறிவிடலாம். அநேகாந்தம் அப்படி நழுவிப் போவதற்கான பின்வாசல் அன்று என்று என் ஆசிரியர் கூறுவார். பொருளின் பல பக்கங்களையும் கண்டபின், செய்ய வேண்டியது இன்னது என்று தேர்ந்தே ஆக வேண்டும்.

இதில் என்னையும் நான் விட்டுவிட முடியாது. பேரனுக்குப் பள்ளிப்பை வாங்கக் கைபேசியை எடுத்து, ஒருவர் பக்கத்தில் பத்து நிமிடம் படித்து, எந்தத் துணி உழைக்கும், எந்தத் தையல் பிரியாது என்பதையெல்லாம் அவருடைய விவரத்திலிருந்தே கற்றுக்கொண்டு, கீழே தோன்றிய மலிவான வேறொரு பையை வாங்கியவள் நான். அன்று எனக்கு அது சிக்கனமாகத் தோன்றியது. கற்றுக்கொடுத்தவர்க்கு ஒரு ரூபாயும் சேரவில்லை.

மறுநாள் காலை அவர் தொலைபேசியில் அழைத்தார். எண்ணூர் அம்மையாரின் பக்கத்திலிருந்த விளம்பரத்தை இரவே நீக்கிவிட்டதாகவும், பெரிய நிறுவனத்தின் பக்கத்தில் இருப்பதை நீக்கவில்லை என்றும் கூறினார். உடையவர் செல்வரா, எளியவரா என்று விரதம் கேட்பதில்லை என்றேன். உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். “ஆனால் டீச்சர், தெருவில் எனக்கு இடம் விட்டால் நான் ஏன் பிறர் வாசலுக்குப் போகிறேன்?” என்றார்.

தெருவையும் சந்தைக்காரரே ஏலம் விடுகிறார் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. கோயில் வாயிலில் கூவுவதற்குக் காசில்லை. பத்துக் கூடைக்காரிகளின் குரலும் ஒரே விலை. அந்தத் தெரு இருந்ததால்தான் அந்த ஓரடி வழக்கமும் இருந்தது போலும். இவ்வாண்டு பருவத்தின்போது மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரிய நிறுவனத்தின் பக்கத்தைக் குறித்து அவருக்கு நான் இன்னும் விடை கூறவில்லை.