படையிற் சேர விரும்பும் மகளுக்கு அறிவுரை

பதினாறு வயதோ பதினேழு வயதோ உடைய பெண்ணொருத்தி, "நான் இராணுவத்திற் சேரப் போகின்றேன், அம்மா" என்று சொல்லுவாளாயின், பெற்றோர் அவளுக்குக் கூறத்தக்க அறிவுரை யாது? இவ்வினாவை ஆசிரியராகிய நாம் ஆராய்தற்குக் காரணம் உண்டு. கண்டி நகரைச் சேர்ந்த மஹய்யாவவில், நகரசபையின் துப்புரவுத் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கே ஒரு வீட்டில் இச்சொல் எழுமாயின், தாயானவள் அடுத்த நாட் காலையிலே பள்ளிக்கூட வாயிலில் வந்து நிற்பாள். "ஐயா, நான் சொன்னாற் கேட்கமாட்டாள், நீங்கள்தாம் புத்தி சொல்லவேண்டும்" என்பாள். அவளுக்கு நாம் யாது கூறுவோம்?

உடனே நாவில் வரும் விடைகள் மூன்று. "பெண்பிள்ளைக்கு இது தகாது" என்று தடுப்பது ஒன்று. "வீரமகள்" என்று புகழ்ந்து அனுப்பிவிடுவது ஒன்று. "காலம் வரும்போது பார்த்துக்கொள்வோம்" என்று நழுவுவது மற்றொன்று. இம்மூன்றும் அறிவுரை ஆகா. தடுப்பவர் பிள்ளையின் எண்ணம் இருந்த இடத்திலே தம் எண்ணத்தை வைக்கின்றார். புகழ்பவர் அவள் எண்ணத்தை ஆராயாமலே விட்டுவிடுகின்றார். நழுவுபவர் அவளைத் தனியே விடுகின்றார். அறிவுரையாவது, தான் எதனைக் கொடுக்கப் போகின்றாள், எதன்பொருட்டுக் கொடுக்கப் போகின்றாள் என்பதைக் கேட்பவள் தானே காணுமாறு செய்வதாம்.

ஆதலின் முதற்கண் வினவவேண்டுவது, "ஏன்?" என்பதே. அதனை அதட்டிக் கேட்டல் கூடாது. அறியும் விருப்பத்தோடு கேட்டல் வேண்டும். ஒருத்திக்குக் காரணம் மாதச் சம்பளமாயிருக்கும். 2022 ஆம் ஆண்டில் இந்நாட்டை வருத்திய பொருளாதார நெருக்கடியைக் கண்ட பிள்ளைக்கு அரசாங்கச் சம்பளம் பெரிதாகத் தோன்றுதல் இயல்பே. ஒருத்திக்குச் சீருடை தரும் மதிப்பு காரணமாகும். தன் குடும்பத்தாரைத் தொழிலின் பெயரால் இகழ்ந்தவர் இனித் தன்னை வணங்குவர் என்று அவள் கருதுகின்றாள். வேறொருத்திக்கு வீட்டைவிட்டு நீங்குதலே நோக்கமாகும். இன்னுமொருத்தி நாட்டைக் காத்தல் கடன் என்று மெய்யாகவே நம்புகின்றாள். சொல் ஒன்றாயினும் காரணம் நான்கு. காரணம் வேறாயின் விடையும் வேறாம். வீட்டிலுள்ள துன்பத்துக்கு அஞ்சி ஓடுபவளுக்குப் போரின் கொடுமையை எடுத்துரைப்பதனால் யாது பயன்? முதலில் அவ்வீட்டுத் துன்பமன்றோ தீர்க்கப்படவேண்டும்!

நம் இனத்துப் பெண்பிள்ளைகள் இக்கேள்வியைப் பெற்றோர்முன் வைத்த காலம் ஒன்று இருந்தது. 1943 ஆம் ஆண்டிலே சுபாஸ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் பகுதியாக ஜான்சி ராணி படையை அமைத்தார். அதன் தலைவி மருத்துவர் லட்சுமி. அப்படையிற் சேர்ந்தோருட் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களிலே பால்வெட்டிய தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். அவருட் பலர் இந்தியாவைக் கண்ணாற் கண்டதும் இல்லை. கோலாலம்பூரில் 1925 ஆம் ஆண்டிற் பிறந்த ஜானகி சேர விரும்பியபோது அவர் தந்தை மறுத்தார். நெடிது பேசிய பின்னரே இசைந்தார். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த இராசம்மா, 1927 ஆம் ஆண்டிற் பிறந்தவர், தம் உடன்பிறந்தாளோடு சேர்ந்தபோது பதினாறு வயதினர். இவர்கள் பர்மாவரை சென்றனர். 1945 ஆம் ஆண்டிலே தோல்வியையும் பின்வாங்கலையும் கண்டனர்.

அக்காலத்திலேயே, 1944 ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாக, இப்பெண்களின் படையை எதிர்த்துநின்ற நேசப்படைகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் மஹய்யாவவுக்குச் சில கல் தொலைவிலுள்ள பேராதனைப் பூந்தோட்டத்தில் இருந்தது. மவுண்ட்பேட்டன் அங்கிருந்து ஆணையிட்டார். அத்தலைமையகத்திலும் பிரித்தானியக் கடற்படையைச் சேர்ந்த இளம்பெண்கள் பணிபுரிந்தனர். ஆக, இருபக்கத்திலும் மகளிர் இருந்தனர். இருபக்கத்தாரும் தத்தம் பக்கமே நேரிது என்று கருதினர். பெண்ணால் இது ஆகுமோ என்னும் ஐயம் அன்றே தீர்ந்துபோயிற்று. ஆகவே அதனைக் காரணமாகக் கூறித் தடுப்பவரை இன்றைய பிள்ளை நம்பமாட்டாள். அவர் கூறும் பிற உண்மைகளையும் அதனோடு தள்ளிவிடுவாள்.

ஆயினும் ஜான்சி ராணி படையின் கதையைப் புகழ்ச்சியாக மட்டும் சொல்லுதல் நேர்மையன்று. அப்படைக்குத் துணைநின்றது சப்பானியப் படை. அதே சப்பானியர் 1942, 1943 ஆம் ஆண்டுகளிலே சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இருப்புப்பாதை அமைக்க மலாயாத் தோட்டத் தமிழரைக் கொண்டுசென்றனர்; ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கே நோயாலும் பசியாலும் மாண்டனர். பெண்பிள்ளைகள் கொண்ட நோக்கம் விடுதலை. அந்நோக்கத்துக்குக் கிடைத்த கருவியோ தம் உற்றாரையே கொன்ற கை. நல்ல நோக்கம் கருவியின் மாசைப் போக்கிவிடாது என்பது இதனாற் பெறப்படும். இதனையும் மகளுக்குச் சொல்லல் வேண்டும்.

இனி, படைத்தொழில் பிற உத்தியோகங்களினின்று வேறுபடுவது எதனால்? "ஆபத்து மிகுதி" என்பர் சிலர். கடலோடியும் ஆபத்தை ஏற்கின்றான். சுரங்கத் தொழிலாளியும் ஏற்கின்றான். வேறுபாடு ஆணையிலே உள்ளது. பிற உத்தியோகத்தில் ஒருவர் தம் உழைப்பைக் கொடுக்கின்றார். படையிலே தம் விருப்பத்தையே முன்கூட்டிக் கொடுத்துவிடுகின்றார். நாளை வரும் ஆணை யாதென்று இன்று அறியார். எனினும் அதற்குக் கீழ்ப்படிவதாக இன்றே வாக்களிக்கின்றார். ஆணை பிழைபடின், குற்றம் ஆணையிட்டவனை மட்டும் சாருமோ எனின், சாராது. 1945 ஆம் ஆண்டிலே நூரம்பெர்க்கு நீதிமன்றத்துக்கு வகுத்த விதி, மேலாளரின் ஆணை என்பது குற்றவாளியைப் பொறுப்பினின்று விடுவிக்காது என்று கூறிற்று. ஆகவே படைஞர் தம் கீழ்ப்படிதலைக் கொடுத்துவிடலாம். தம் மனச்சான்றைக் கொடுத்துவிட இயலாது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள துன்பமே அத்தொழிலின் பெருஞ்சுமை. இதனைப் பிள்ளைக்குச் சொல்லாமல், வெயிலையும் ஓட்டத்தையும் கடும்பயிற்சியையும் மட்டும் சொல்லி அச்சுறுத்துதல் சிறியதைக் காட்டிப் பெரியதை மறைப்பதாகும்.

திருவள்ளுவர் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்களைப் படைக்கு வகுத்தார். கொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். வகுப்பிலே இவற்றுள் ஒன்றை மட்டும் கற்பித்து மற்றதை விடுவார் உளரோ? மகளுக்குக் கூறும் அறிவுரையும் அத்தன்மையதே. பெரியபுராணத்து ஏனாதிநாதர் வாட்பயிற்சி கற்பித்த ஆசிரியர். பகைவன் நெற்றியில் நீற்றைக் கண்ட அளவிலே தம் வாளைத் தடுத்துக்கொண்டார். தடுத்தது ஏனாதிநாதரின் சொந்த உள்ளம். அவ்வுரிமை அவரிடம் இருந்தது. இன்றைய படைஞருக்கு அவ்வுரிமை எத்துணை உண்டு என்று மகளோடு இருந்து ஆராய்தல் தக்கது.

இந்நாட்டின் வரலாற்றையும் ஒளியாது பேசல் வேண்டும். மலைநாட்டுத் தமிழர் பல்லாயிரவரை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அற்றவராக்கிற்று. எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அஃது எய்திற்று. பூட்டிக்குக் குடியுரிமை மறுத்த அரசு, கொள்ளுப்பேத்தியின் உயிரைக் காவலுக்குக் கேட்கலாமோ என்று வீட்டு முதியோர் வினவின் அதனைச் சினம் என்று தள்ளலாகாது. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிலே இருபக்கத்தும் இளையோர் மாண்டனர். விடுதலைப் புலிகளின் படையிலே பெண்களும் இருந்தனர்; பதினெட்டு நிரம்பாதோரும் இருந்தனர்; விரும்பிச் சென்றோரும் வலிந்து கொண்டுசெல்லப்பட்டோரும் அவருள் உளர். இலங்கைத் தரைப்படையின் மகளிர் படைப்பிரிவு 1979 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. 2012 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே வடக்கிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் அப்படையிற் சேர்க்கப்பட்டனர்.

"தமிழ்ப் பெண் அப்படையிற் சேர்ந்தால், ஒருநாள் தன் மக்களுக்கு எதிரே நிறுத்தப்படுவாளே" என்பது ஒரு தடை. "தமிழர் சேராது நின்றால் அப்படை என்றும் ஓரினத்தின் படையாகவே இருக்குமே" என்பது அதற்கு விடை. இவ்விரண்டும் மெய்யான நியாயங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் ஆசிரியர், பிள்ளை பின்னர் மற்றதைப் பிறர் வாய்க் கேட்கும்போது தம் மதிப்பை இழப்பார். நியாயங்களை எடைபோடுபவள் அவளேயாதல் வேண்டும்; தட்டின் இருபக்கமும் நிறைந்திருக்கச் செய்வது நம் கடன்.

"களத்துக்குப் போகமாட்டேன், எழுத்து வேலையோ தாதி வேலையோதான்" என்று மகள் கூறின், அதற்கும் ஒரு செய்தி உண்டு. 1944 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆம் நாள், கொழும்பை நோக்கி வந்த கெதிவ் இஸ்மாயில் என்னும் கப்பலைச் சப்பானிய நீர்மூழ்கி தாக்கிற்று. ஏறக்குறைய 1,300 பேர் மூழ்கினர். அவருள் 77 பேர் தாதியரும் படைப்பணி மகளிரும் ஆவர். துப்பாக்கி ஏந்தாமை இடரைத் தவிர்க்காது.

வயதைப் பற்றியும் தெளிவு வேண்டும். பதினெட்டு நிரம்பாதவரைப் போரிற் புகுத்தலாகாது என்று உலகநாடுகள் 2000 ஆம் ஆண்டிலே உடன்படிக்கை செய்தன. இலங்கை அவ்வாண்டே அதனை ஏற்றது. இவ்விதி இளையோரின் துணிவை ஐயுறுவதன்று. மீளப்பெற இயலாத ஒன்றைக் கொடுப்பவர், கொடுக்கும் பொருளை அறிந்தவராதல் வேண்டும் என்பதே அதன் கருத்து. 2024 ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களிலே பணியைவிட்டு ஓடிய படையினருக்கு அரசு பொதுமன்னிப்பு அளித்தபோது பதினைந்தாயிரவர்க்கு மேல் அதனை நாடிவந்தனர். முறைப்படி விலகுதல் எளிதாயின் இத்துணைப் பேர் ஒளிந்திருப்பரோ? அன்றியும், தரைப்படையை 2030 ஆம் ஆண்டுக்குள் ஓரிலட்சம் பேராகக் குறைக்கும் திட்டத்தை அரசு 2023 ஆம் ஆண்டிலே அறிவித்தது; நிலையான உத்தியோகம் என்று கருதுபவள் இதனையும் அறிதல் நன்று.

ஆகவே பதினாறு வயதினளுக்குக் கிடைத்திருக்கும் இரண்டாண்டுகள் வீணாகாதபடி செய்க. பரீட்சையை முடிக்கட்டும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் நன்கு கற்கட்டும். எப்பணிக்கும் அவை உதவும். எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம், இடையில் விலகலாமோ, முறைகேடு நேரின் எவரிடம் முறையிடுவது என்று எழுத்திலே கேட்டறியட்டும். படையிலிருந்து மீண்ட பெண்ணொருத்தியோடு பேசட்டும். சம்பளமே காரணமாயின், தாதியர் பயிற்சி, ஆசிரியர் கல்லூரி, தொழிற்பயிற்சி ஆகியவற்றின் வழிகளை ஆசிரியரே தேடிக் கொணரல் வேண்டும். வேறு கதவு ஒன்றுமே திறவாமையாற் படைக்குச் செல்லும் பெண், தெரிந்துகொண்டு சென்றவள் அல்லள். அக்குறை அவளுடையதன்று, கதவுகளைக் காட்டத் தவறிய நம்முடையது.

இவ்வளவும் செய்தபின், பதினெட்டு நிரம்பியும் அவள் உறுதி மாறாதாயின், பெற்றோர் யாது செய்வது? தமக்கு இசைவில்லையெனின் இல்லையென்றே சொல்லலாம். பொய்யாக வாழ்த்தல் வேண்டா. ஆனால், "போனால் இவ்வீட்டுப் படி மிதிக்காதே" என்று சொல்லலாகாது. தவறு கண்டு திரும்ப நினைப்பவளுக்கு முதலில் வேண்டுவது திறந்த கதவு. அதனை அடைத்தவர், பிழையான ஆணைக்கு "மாட்டேன்" என்று சொல்லும் துணிவையும் அவளிடமிருந்து பறித்தவராவர். போக்கிடம் இல்லாதவள் எதற்கும் கீழ்ப்படிவாள்.

பர்மாவிலிருந்து மீண்ட இராசம்மா பின்னர் ஆசிரியையானார். 1960 ஆம் ஆண்டிலே மலாயாவிற் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவி, ஆணுக்கொத்த சம்பளம் பெண்ணுக்கும் வேண்டும் என்று போராடினார். படையிற் கற்ற உறுதி பள்ளியிலே பயன்பட்டது என்று கொள்வாரும் உளர். பள்ளியிலேயே அவ்வுறுதி பிறந்திருக்கலாம் என்று கொள்வாரும் உளர். நம் வகுப்பில் இருக்கும் பெண் எவ்வழிச் செல்வாள் என்பதை நாம் அறியோம். அவள் செல்லும் வழியைக் கண்திறந்து செல்லுமாறு செய்தல் நம்மால் ஆவது. ஆகவே, உபாத்தியாயர்களே, தாய் வாயிலில் வந்து நிற்கும்போது, "நான் தடுக்கின்றேன்" என்றும் சொல்லாதீர்கள். "போகட்டும்" என்றும் சொல்லாதீர்கள். "பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள் அம்மா, ஒருநாளில் முடியாது, பல நாள் பேசுவோம்" என்று சொல்லுங்கள்.