ஊரைப் படிக்க எத்தனை நாள்?

1876ஆம் ஆண்டு பெர்லினிலிருந்து ஒருவர் தாமிரபரணிக் கரைக்கு வந்தார். பெயர் ஃபெடோர் யாகோர். இயற்கையியல் அறிஞர், ஓயாத பயணி. சிங்கப்பூர், மலாக்கா, ஜாவா, பிலிப்பைன்ஸ் என்று அதற்கு முன்பே சுற்றிவிட்டவர். 1873இல் பிலிப்பைன்ஸ் பற்றி ஒரு பெரிய நூலும் வெளியிட்டிருந்தார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆதிச்சநல்லூரில், ஊர்க்காரர்கள் 'பரம்பு' என்று சொல்லும் சரளை மேட்டில் அவர் தோண்டிப் பார்த்தார். திருநெல்வேலி கலெக்டர் ஸ்டூவர்ட்டும் உடனிருந்தார். மண்ணுக்குள்ளிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை மட்பாண்டங்களும், இரும்புக் கத்திகளும், கோடாரிகளும், மண்டையோடுகளும் வெளிவந்தன. அவற்றில் பலவும் பெர்லின் அருங்காட்சியகத்துக்குக் கப்பலேறின. யாகோரும் போய்விட்டார்.

பரம்பு அங்கேயே கிடந்தது. ஆடு மேய்த்தவர்கள் அதன்மேல் நடந்தார்கள். உழவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனார்கள். அந்த மண்ணில் பிறந்து அந்த ஆற்றில் குளித்தவர்களுக்கு எட்டாத ஒன்று, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தவருக்கு எட்டியது எப்படி? ஓர் ஊரில் பிறந்துவிட்டால் அந்த ஊர் தெரிந்துவிடுமா? தூத்துக்குடிக் கரையில் நின்று கேட்க வேண்டிய கேள்வி இது.

பதில் தேடும்போது இன்னொரு மனிதர் நினைவுக்கு வருகிறார். ஜேம்ஸ் ஹார்னெல், 1865இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ஜெர்ஸித் தீவில் தம் மாமனாரோடு சேர்ந்து கடல் உயிரியல் நிலையம் ஒன்றை நடத்தியவர். இலங்கைப் பக்கத்து முத்துச் சிப்பிப் படுகைகள் ஏன் பொய்த்துப் போகின்றன என்று ஆராய, பேராசிரியர் ஹெர்ட்மனோடு 1902இல் மன்னார் வளைகுடாவுக்கு வந்தார். ஹெர்ட்மன் சில மாதங்களில் ஊர் திரும்பினார். ஹார்னெல் தங்கிவிட்டார். பின்பு சென்னை மாகாண அரசின் பணியில் சேர்ந்து, தூத்துக்குடியின் முத்து, சங்குக் குளிப்புகளைக் கண்காணித்தார். மாகாண மீன்வளத் துறைக்கே இயக்குநராகி 1924இல் ஓய்வு பெற்றார்.

அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பதற்குச் சங்கு ஒன்றே போதும். அவருடைய சங்கு நூல் 1914இல் வந்தது. சங்குப்பூச்சி எப்படி வளர்கிறது என்பதோடு அவர் நிறுத்தவில்லை. மன்னார் வளைகுடாவின் ஒல்லியான ஜாதிச் சங்குக்கும், பாக் நீரிணையின் தடித்த பட்டிச் சங்குக்கும் என்ன வேறுபாடு, இங்கே குளித்தெடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் அங்கே மணப்பெண்ணின் கையில் எப்படி வளையலாகிறது, கோடியில் ஒன்றாகக் கிடைக்கும் வலம்புரிக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று சங்கு போன வழியெல்லாம் அவரும் போனார். உயிரியல் நூலாகத் தொடங்கியது ஒரு கரையின் வரலாறாக முடிந்தது.

கொற்கையில் இந்தத் தேடல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வாழைக்கும் நெல்லுக்கும் நடுவில் இருக்கும் சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல் அங்கே தோண்டிப் பார்த்து, 1877இல் தாம் கண்டதை எழுதினார். ஹார்னெலும் கொற்கைக்கும் பழையகாயலுக்கும் போனார். வாளால் அறுபட்ட பழைய சங்குத் துண்டுகள் அவருக்குக் கிடைத்தன. கொற்கை முத்தையும், சங்கு அறுத்து வளையல் செய்தவர்களையும் மதுரைக்காஞ்சி சொல்கிறது. பாட்டில் இருந்த தொழிலுக்கு மண்ணில் இருந்த சாட்சி அந்தத் துண்டுகள். காலில் இடறினால் ஒதுக்கிவிட்டு நடக்கிற பொருள்தான். அது எந்தக் கடலில் விளைந்த சங்கு, எந்தப் பக்கம் வாள் இறங்கியது என்று கேட்கத் தெரிந்தவர் கையில் ஏறியதும் அது பேசிவிட்டது.

கேட்கத் தெரிவது என்பது இங்கே முக்கியம். ஹார்னெல் எழுதியதெல்லாம் அவர் தலையிலிருந்து வந்ததல்ல. முத்துச் சிப்பி தங்கும் கடலடிப் பாறைத் தளத்துக்குப் 'பார்' என்று பெயர் வைத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். தொள்ளாயிரம் பார் என்ற பெயர் எந்த வரைபடத்திலும் ஏறுவதற்கு முன்பே அவர்கள் நாவில் இருந்தது. கரையின் கோபுரத்தையும் பனையையும் ஒரு நேர்கோட்டில் நிறுத்தி நடுக்கடலில் இடம் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். வாடைக்கும் கொண்டலுக்கும் கச்சானுக்கும் நீரோட்டம் எப்படி மாறும், எந்த மாதத்தில் கடலடி தெளியும் என்பதெல்லாம் அவர்களுடைய கணக்கு. எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில் கல்லைப் பிடித்து இறங்கி, ஒரு நிமிடம் மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்கியவர்கள். மேலே கயிறு பிடித்திருப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்பது இந்தக் கரையில் இன்றும் சொல்லப்படும் வழக்கம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் கயிற்றை விடமாட்டான் என்பது அதற்குள் இருக்கும் நம்பிக்கை.

அந்த அறிவுக்கு உரியவர்களின் பெயர்கள் நூல்களில் இல்லை. எழுதியவர் பெயர் நூலின் முகப்பில் நின்றது. சொன்னவர்கள் 'குளியாளிகள்' என்ற பொதுச் சொல்லில் கரைந்துபோனார்கள். இது சிறிய அநியாயம் அல்ல. முத்தும் சங்கும் அரசின் ஏகபோகமாக இருந்த காலம் அது. வருமானம் பெருக வேண்டும் என்பதற்காகவே அந்த ஆய்வுகளுக்கு அரசு பணம் கொடுத்தது என்பதையும் மறக்கக் கூடாது.

தங்கியவருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. சிப்பிக்குள் நுழையும் ஒட்டுண்ணிப் புழுவின் இளம் பருவத்தைச் சுற்றித்தான் நல்ல முத்து விளைகிறது என்று ஹெர்ட்மனும் ஹார்னெலும் நம்பினார்கள். சிப்பியின் மேலுறைத் திசு உருவாக்கும் பையில்தான் முத்து விளைகிறது என்பது பிறகு உறுதியானது. அந்த அறிவைக் கொண்டு 1973இல், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்க முடிந்ததற்குக் காரணம், முன்னவர் எழுதி வைத்திருந்தார் என்பதுதான். தவறாக எழுதியிருந்தாலும் திருத்த ஒரு தாள் இருந்தது.

தூத்துக்குடிக் கரையில் தோணிகளையும் வள்ளங்களையும் பார்த்துத் தொடங்கிய ஆர்வம் ஹார்னெலை எங்கே கொண்டுபோனது என்பதும் கவனிக்கத்தக்கது. 1920இல் இந்தியப் படகுகளின் வடிவம் பற்றி எழுதினார். ஓய்வுக்குப் பின் பசிபிக் தீவுகளுக்குப் போனார். 1946இல், எண்பது வயதைத் தாண்டிய நிலையில், உலகத்தின் நீர்ப் போக்குவரத்து எப்படித் தோன்றியது என்பது பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. ஒரு கரையைக் கூர்ந்து பார்த்தவருக்கு மற்றக் கரைகளும் புரியத் தொடங்கின. பெரிய உலகத்தைப் பார்க்க வேண்டும், சின்ன ஊரில் என்ன இருக்கிறது என்று கிளம்பும் பிள்ளைகளிடம் இந்த வாழ்க்கையைச் சொல்லலாம்.

யாகோரைக் குறை சொல்லி மூடிவிடவும் முடியாது. அவருக்குப் பின் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் தோண்டினார். பிறகு ஏறத்தாழ நூறாண்டு இடைவெளி. 2004இல்தான் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி இறங்கியது. அந்த ஆய்வின் அறிக்கை வெளிவர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டவர் பக்கத்து ஊர்க்காரர், எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு. ஆதிச்சநல்லூர்ப் பொருள்களின் காலம் கி.மு. 905 என்றும் கி.மு. 696 என்றும் 2019இல் அந்த நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 1876இல் பெர்லின்காரர் பார்த்த மேட்டுக்கு நியாயம் கேட்க ஆற்றங்கரைக்காரரே வர வேண்டியிருந்தது.

யாகோரின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு துணைக்கதை இருக்கிறது. பிலிப்பைன்ஸ் பற்றி அவர் எழுதிய நூலைப் படித்தவர்களில் ஒருவர் அந்நாட்டு எழுத்தாளர் ஹோசே ரிசால். 1887இல் பெர்லினில் யாகோரை நேரிலும் சந்தித்தார். தன் நாட்டைப் பற்றி அயலார் எழுதியதைப் படித்ததோடு அவர் நிற்கவில்லை. தன் மண்ணைப் பற்றி 1609இல் ஸ்பானிய அதிகாரி மோர்கா எழுதிய நூலை நூலகத்தில் படியெடுத்து, தன் மக்களின் பக்கத்திலிருந்து குறிப்புகள் எழுதிச் சேர்த்து, மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அயலாரின் கண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு, பேனாவைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

தூத்துக்குடியிலும் அது நடந்திருக்கிறது. வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்த ஆ. சிவசுப்பிரமணியன் உப்பைப் பற்றி 'உப்பிட்டவரை' எழுதினார். பனையைப் பற்றி 'பனைமரமே பனைமரமே' எழுதினார். உப்பளமும் பனையும் இல்லாத தூத்துக்குடிச் சாலை கிடையாது. எல்லார் கண்ணிலும் தினமும் படுவதைத்தான் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்தார். உவரியில் பிறந்த ஜோ டி குருஸ், 'கொற்கை' நாவலில் இந்தத் துறைமுகத்தின் தோணிக்காரர்களை எழுதி 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ஊரில் பிறந்தது மட்டும் இவர்களுக்குப் போதவில்லை. கேட்டார்கள், தேடினார்கள், எழுதினார்கள்.

ஆனால் எழுதப்படாதது மிச்சம் அதிகம், காலமோ குறைவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவு தேய்ந்து வருகிறது. கையில் இடம்காட்டும் கருவி வந்தபின், பனையையும் கோபுரத்தையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு இளையவர்களுக்குத் தேவைப்படவில்லை. பார்களின் பெயர்கள் வாய்வழியாகவே வந்தவை. வாய்கள் ஓய்ந்தால் அவையும் ஓயும்.

உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் ஒரு பழைய குளியாளி இருக்கலாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அந்தத் தாத்தாவின் அருகில் உட்காருங்கள். பார்களின் பெயர்களைக் கேளுங்கள், காற்றுகளின் பெயர்களைக் கேளுங்கள், கயிறு பிடித்தது யார் என்று கேளுங்கள். சொன்னவர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். முத்துக் குளிக்கும் பருவமான சலாபம் தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961இல். அன்று பதினெட்டு வயதில் கடலுக்குள் இறங்கியவருக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது.