ஆசிரியனின் அறியாமை

கதிர்காமத்தில், வழுதாவூர் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் குடியிருக்கிற கணித ஆசிரியர் ஒருவர் எனக்கு நண்பர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நம்முடைய பத்திரிகைகளை அவர் படிப்பதில்லை. கொடுத்தால் வாங்கிப் புரட்டிவிட்டு, 'எல்லாரும் எது மேலயோ கோவமா இருக்கீங்க' என்று திருப்பித் தந்துவிடுவார். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில் அவருக்கு நேர்ந்த ஒன்றை மூன்று வருஷங்கள் கழித்து என்னிடம் சொன்னார். சின்ன விஷயம்தான். ஆனால் சமீப காலத்தில் நான் கேள்விப்பட்ட தார்மீகப் பிரச்னைகளில் இதைவிடக் கறாரான ஒன்று எனக்கு நினைவில்லை.

அரிசி டின்மேல் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாடு நடத்தியிருக்கிறார். வகுப்பில் 41 பேர். அன்று திரைக்கு வந்தவர்கள் 26 பேர். சுவரில் சின்னதாக ஒரு கரும்பலகை. வழக்கம்போல் நின்று, எழுதி, திரும்பி, விளக்கிக்கொண்டு போயிருக்கிறார். 9 நிமிடங்கள் ஆனபின் ஒரு பையன், 'சார், உங்க மைக் மியூட்ல இருக்கு சார்' என்றான். என்ன செய்வதென்று இவருக்குத் தெரியவில்லை. 'கீழ இடது ஓரத்துல, குறுக்க சிவப்புக் கோடு போட்ட மைக் படம் இருக்கும் பாருங்க சார். அதைத் தொடுங்க' என்றான் அவன். தொட்டார். முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

'எனக்குத் தெரியலங்கறது வெக்கம் இல்ல. ஒம்பது நிமிஷம் அத்தன பேரும் என் வாய் அசையறதப் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. கேக்கலன்னு ஒருத்தன்கூடச் சொல்லல. ஏன் சொல்லல?' என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, 'வகுப்புல எத்தன நாள் இப்படி நடந்திருக்கும்?' என்றார்.

இந்த இரண்டாவது கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது.

வயதான ஓர் ஆசிரியர் புதிய கருவிகளைக் கற்றுக்கொள்வது பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் புழங்குகின்றன. ஒன்று அரசாங்கச் சுற்றறிக்கையின் பேச்சு: காலம் மாறுகிறது, ஆசிரியரும் மாற வேண்டும், மாறாதவர் பின்தங்குவார். மற்றது நம் போன்றோரின் புலம்பல்: குருவின் சந்நிதி போய்விட்டது, முகம் பார்த்துச் சொல்லிக்கொடுத்த காலம் போய்விட்டது. இரண்டுக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு. கருவி வருவதற்கு முன்னால் வகுப்பறையில் கற்பித்தல் என்ற காரியம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது என்பது அது. முதல் பேச்சு அதை விரைவாக்கப் பார்க்கிறது; இரண்டாவது காப்பாற்றப் பார்க்கிறது. என் நண்பரின் கேள்வி அந்த நம்பிக்கையையே தொடுகிறது. 28 வருஷங்களாகத் தன் குரல் எட்டுகிறது என்று அவர் நம்பியிருந்தார். எட்டவில்லை என்றால் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள் என்பது அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். அந்த ஆதாரம் 9 நிமிடங்களில் உடைந்துவிட்டது. புரியாதபோது மௌனமாக இருப்பது என்பதை, கணிதத்தோடு சேர்த்து, அவரே கற்றுக்கொடுத்திருக்கிறார். கருவி இந்த மௌனத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை ஸ்தூலமாகக் காட்டிவிட்டது.

சிறுவனிடமிருந்து ஆசிரியன் கற்க நேர்வது நம் மண்ணில் புதிதல்ல. 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். ஒரு நாள் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் மணல்தான். தாளும் மையும் வீணாகாத இந்த முறையைத் தம் விடுதியில் புகுத்தச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல் அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனை, ஒரு சிப்பாயின் மகனை, வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். பையன் செய்து காட்டிவிட்டான். 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட அறிக்கை இதைப் பேசியது. பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பிக்கும் இந்த முறைக்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வழங்கிற்று. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833இல் தோன்றிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

இந்தக் கதையை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். எனக்கு அதில் அந்த உதவி ஆசிரியர்கள்தான் முக்கியமாகப் படுகிறார்கள். அவர்கள் ஏன் மறுத்தார்கள்? சோம்பலாக இருக்கலாம், மணலில் எழுதுவது மதிப்புக் குறைவு என்ற எண்ணமாக இருக்கலாம். அவர்களுடைய காரணம் அவர்கள் குரலில் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பின்னால் நடந்ததைப் பார்த்தால், அவர்களுடைய பயத்தில் ஒரு நியாயம் இருந்ததாகத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் பெல்லும் அவருடைய போட்டியாளரான ஜோசப் லங்காஸ்டரும் இந்த முறையைப் பரப்பியபோது, அதன் பெரிய கவர்ச்சியாக இருந்தது சிக்கனம். ஒரே ஆசிரியரை வைத்துக்கொண்டு ஆயிரம் பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்றார் லங்காஸ்டர். பிள்ளை பிள்ளைக்குக் கற்பிப்பதில் இருந்த உயிரான அம்சம், தொழிற்சாலைக் கணக்கொன்றின் இடுக்கில் நசுங்கிவிட்டது.

திண்ணைப் பள்ளியை நான் உயர்த்திப் பேசவில்லை. அங்கும் சட்டாம்பிள்ளை இருந்தான், பிரம்பு இருந்தது. ஊரின் பாதிப் பிள்ளைகளுக்கு ஜாதியின் காரணமாக அந்தத் திண்ணையில் இடமே இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: வகுப்பறைக்கு வரும் எந்தக் கருவியும் தனியாக வருவதில்லை, யாரோ போட்ட ஒரு கணக்கோடு வருகிறது. பெரு நாட்டில் 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்று லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 2012இல் வந்த மதிப்பீடு, கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி கூடவில்லை என்றது. கருவி போய்ச் சேர்ந்தது. அதை வைத்துக் கற்பிக்க வேண்டியவருக்கு அந்தக் கணக்கில் இடம் குறைவு. யுனெஸ்கோ தன் 2023ஆம் வருஷத்துக் கல்வி அறிக்கையின் தலைப்பிலேயே, இந்தக் கருவி யாருடைய நிபந்தனைகளின் பேரில் என்று கேட்டது.

அப்படியானால் மறுப்பதுதான் ஆசிரியனின் கடமையா? எழும்பூரின் உதவி ஆசிரியர்கள் மறுத்தார்கள். அவர்கள் இல்லாமலே காரியம் நடந்தது. கற்றுக்கொள்ளாதவனுக்கு நிபந்தனை விதிக்கும் தகுதியும் போய்விடுகிறது. எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்வதற்காவது அவன் அதற்குள் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் ழாக் ரான்சியேரின் 'அறியாத ஆசிரியன்' என்ற நூலை (1987) நினைவுபடுத்துவார்கள். பிரான்ஸிலிருந்து வெளியேறிய ழோசப் ழாகோதோ 1818இல் லூவேனில் பிரெஞ்சு கற்பிக்க நேர்ந்தது. மாணவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்கு பிளெமிஷ் தெரியாது. ஃபெனலோனின் 'தெலெமாக்' கதையின் இருமொழிப் பதிப்பு ஒன்றை அவர்கள் கையில் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டே அவர்கள் கற்றுவிட்டார்கள். விளக்கம் சொல்லும் ஆசிரியன் மாணவனுடைய அறிவைத் தன் அறிவுக்குக் கீழ்ப்படுத்திவிடுகிறான். தெரியாதவனும் கற்பிக்கலாம், எல்லா அறிவும் சமம் என்பது ரான்சியேர் இதிலிருந்து எடுக்கும் முடிவு. நம் போன்றோரை உடனே கவர்ந்துவிடும் சிந்தனை இது. நானும் கவரப்பட்டவன்தான். ஆனால் இதில் ஒரு விஷயத்தை எளிதில் விட்டுவிடுகிறோம். லூவேனில் எல்லார் கையிலும் ஒரே புத்தகம் இருந்தது. ஆசிரியனுக்கும் மாணவனுக்கும் நடுவே கிடந்த அந்தப் பொருள் எல்லாருக்கும் பொது. அது சமமாக இருந்ததால்தான் அறிவின் சமத்துவத்தைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. என் நண்பரின் வகுப்பில் 15 பேரிடம் அன்று அந்தப் பொருளே இல்லை. அப்பா வேலைக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும். 2020இல் கிராமப்புற இந்தியாவில் எடுத்த 'அசர்' கணக்கெடுப்பில், பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளின் வீடுகளில் சுமார் 62 சதவீதத்தில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2018இல் இது சுமார் 36 சதவீதம். இதை வளர்ச்சி என்று படிக்கலாம். பத்தில் நான்கு பிள்ளைகளுக்கு அந்த வருஷம் 'தெலெமாக்' கிடைக்கவில்லை என்றும் படிக்கலாம்.

நண்பரின் கதையில் இன்னொரு பகுதி உண்டு. அவர் அனுமதித்ததால் சொல்கிறேன். அந்த வருஷமே ஆசிரியர்களுக்கு இணையவழிப் பயிற்சி ஒன்று வந்தது. பாடங்களைப் பார்த்து, கடைசியில் கேள்விகளுக்கு விடை அளித்தால் சான்றிதழ் வரும். இவர் தடுமாறுவதைப் பார்த்துப் பொறுக்காத மகள், 'குடுங்கப்பா' என்று போனை வாங்கி, அரை மணியில் முடித்துக் கொடுத்துவிட்டாள். இவர் பெயரில் சான்றிதழ் வந்தது. காப்பியடிக்கிறவனைப் பிடிப்பதையும் தன் வேலையில் ஒரு பகுதியாக வைத்திருந்த மனிதர், அதை அச்செடுத்து ஃபைலில் வைத்தார். 'அடுத்த தடவ எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒரு பையனைப் பிடிப்பேன்?' என்றார். இரண்டு மாதம் கழித்து, யாரும் கேட்காமலே, அதே பாடங்களைத் தனியாக உட்கார்ந்து தப்பும் தவறுமாகப் படித்து முடித்தார். அதற்கு இரண்டாவது சான்றிதழ் கிடையாது.

மகள் செய்ததையும் அந்தப் பையன் செய்ததையும் சேர்த்து யோசித்துப் பார்க்கிறேன். மகளுக்கு அன்பு அதிகம், பக்கத்தில் இருந்தாள், கை எட்டியது, வாங்கிச் செய்துவிட்டாள். பையனுக்குக் கை எட்டவில்லை. ஆகவே அவன் தன் ஆசிரியரின் கண்களால் அந்தத் திரையைப் பார்க்க வேண்டியிருந்தது: கீழே, இடது ஓரம், சிவப்புக் கோடு. தெரிந்ததைத் தெரியாதவரின் இடத்திலிருந்து ஒருமுறை பார்த்துச் சொல்வது என்ற காரியத்தை அவன் செய்தான். கற்பித்தல் என்று நாம் சொல்வது அநேகமாக இதுதான் என்று தோன்றுகிறது. வங்கி கவுண்ட்டரில் நான் தினமும் மகளின் பாத்திரத்தையே வகிக்கிறேன். பென்ஷன் வாங்கும் பெரியவர் போனை நீட்டுவார். பின்னால் வரிசை நிற்கும். நான் வாங்கி, நாலு தட்டுத் தட்டிக் கொடுத்துவிடுவேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அடுத்த மாதமும் வருவார். இதை நான் உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரைத் தெரியாதவராகவே வைத்திருப்பதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது இந்தக் கதையைக் கேட்டபின்தான் உறைத்தது.

பள்ளி திறந்தபின் நண்பர் கருவிகளை விட்டுவிடவில்லை. அவற்றில் கரைந்தும் போகவில்லை. 2018 முதல் தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் அச்சான கியூஆர் கட்டங்களை முன்பெல்லாம் அவர் அலங்காரம் என்று நினைத்தாராம். இப்போது அவற்றைத் திறந்து பார்த்து, எது உபயோகம், எது வெட்டி என்று பென்சிலால் குறித்து வைக்கிறார். 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒருவருடைய ஆய்வேட்டு வேலையாகத் தொடங்கிய ஜியோஜீப்ரா என்ற மென்பொருளில் பரவளையம் வரைகிறார். ஓர் எண்ணை நகர்த்தினால் வளைவு விரிகிறது, குறுகுகிறது, கவிழ்கிறது. அதைப் பலகையில் பத்து முறை வரைந்து அழிப்பதில் எந்தப் புனிதமும் இல்லை என்கிறார். ஆனால் ஒரு தேற்றத்தின் நிரூபணத்தைச் சாக்கட்டியால்தான் எழுதுகிறார். திரையில் அது மொத்தமாக வந்து நின்றுவிடுகிறது. நிரூபணம் என்பது அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று காத்திருப்பது என்கிறார். இந்த வித்தியாசத்தை எந்தப் பயிற்சியும் அவருக்குச் சொல்லவில்லை. இரண்டையும் கையால் செய்து பார்த்துக் கண்டுகொண்டது.

ஆசிரியனின் அதிகாரம் எதன்மேல் நிற்கிறது என்பதற்கு எனக்கு இப்போது கிடைக்கிற பதில் இது. தெரிந்தவன் என்பதால் வரும் அதிகாரம் கருவிகளின் முன்னால் நிற்காது. 2022இன் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், பதில் சொல்வது மிக மலிவான காரியமாகிவிட்டது. பையன்கள் அதையும் இவருக்கு முன்பே அறிந்துகொண்டார்கள். ஆனால் தன் குரல் எட்டியதா என்பதற்குப் பொறுப்பேற்பது, எட்டவில்லை என்று சொல்லும் தைரியத்தை எதிரில் இருப்பவனுக்கு உண்டாக்குவது, அதற்காகத் தன் அறியாமையை அவன் பார்க்கும்படி வைத்துக்கொள்வது — இவற்றை அவர் 50 வயதுக்கு மேல், ஒரு பையனிடமிருந்து கற்றார். பாடத்தின் நடுவே இப்போது அவர் நிறுத்தி, 'கேக்குதா?' என்கிறார். எதிரில் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஆரம்பத்தில் சிரித்தார்களாம். பிறகு ஒருத்தி, 'கேக்குது சார், புரியல' என்றாளாம்.

இதை ஒரு வெற்றிக் கதையாக முடித்துவிட எனக்கு ஆசைதான். முந்தின வாரம் அவர் வீட்டில் அந்த வருஷத்து வருகைக் குறிப்பேட்டைக் காட்டினார். அந்த 15 பேரில் ஒன்பது பேர் பின்னால் ஏதோ ஒரு நாள் திரைக்கு வந்துவிட்டார்கள். 6 பேர் கடைசிவரை ஒரு நாள்கூட வரவில்லை. மைக் மியூட்டில் இருந்தது என்று சொல்ல அந்த வகுப்பில் ஒரு பையனாவது இருந்தான். இந்த ஆறு பேர் சார்பில் சொல்ல யாரும் இல்லை. பெயர்களுக்கு நேரே அவர் எதுவும் எழுதவில்லை. கட்டங்கள் காலியாகவே இருந்தன.