கடைசி இலை

ஆடிப்பூரம் வந்தால் ராஜபாளையத்தில் எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டாகிவிடும். தேர் நடக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே இருப்பதால், மதுரை, கோவில்பட்டி, தென்காசி என்று சொந்தங்கள் முதல் நாளே வந்து இறங்கிவிடும். வாசலில் செருப்புக் குவியல். ஒரே பாத்ரூமுக்கு ஏழு பேர் வரிசை. திரும்பும்போது ஆளுக்கொரு பால்கோவா டப்பா, எது யாருடையது என்று ஒரு பஞ்சாயத்து. "எங்க வீடு சத்திரம் மாதிரி" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி இரண்டாம் வருடம் அந்தப் பெருமையில்தான், தேரடியில் நின்றபடி நாலு நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வீட்டில் கேட்கவில்லை, போனில் தகவல் சொன்னேன். "வரட்டும்யா, அதுக்கென்ன" என்றாள் அம்மா. வந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். நாலு மணிக்குத் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். அம்மா காலிக் குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டியை லேசாகத் திருப்பிக்கொண்டாள். அது இன்னும் உறுத்துகிறது.

அன்று விருந்து வைத்தது யார்?

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். விருந்தினருக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை உண்பவரை அதில் ஒரு குறள் கொண்டாடுகிறது. அங்கே கொடுப்பவரும் மிச்சத்தை உண்பவரும் ஒரே ஆள். எங்கள் வீட்டில் இரண்டு ஆள். கூப்பிட்ட நல்ல பேர் எனக்கு, மிச்சம் அம்மாவுக்கு.

தெரிதா 1996-இல் பாரிஸில் விருந்தோம்பல் பற்றி வகுப்புகள் எடுத்தார். யாரென்று கேட்காமல் கதவைத் திறப்பதுதான் முழுமையான விருந்தோம்பல்; ஆனால் வரவேற்பவருக்கு முதலில் அது தன் வீடாக இருந்தாக வேண்டும். இந்தச் சிக்கலை அவர் விடாமல் பேசினார். எத்தனை பேருக்கு உலை வைப்பது என்றுகூடத் தானே முடிவுசெய்ய முடியாத அம்மாவுக்கு அது யார் வீடு?

கேட்டால், "எனக்கு இதுல சந்தோசம்தான்யா" என்பாள். பொய்யில்லை. ஆனால் 'முடியாது' என்று சொல்ல வழியே இல்லாத இடத்தில் வரும் 'சரி'யை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா?

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதையோ வேறு. பெருமாளுக்குக் கட்டிய மாலையை ஆண்டாள் முதலில் தான் சூடிப் பார்த்தாள். பெரியாழ்வார் பதறினார்; பெருமாள் அந்த மாலைதான் வேண்டும் என்றார். இன்றும் திருப்பதி பிரம்மோத்சவ கருட சேவைக்கு அவள் சூடிய மாலை இங்கிருந்து போகிறது. முதலில் தனக்கென்று எடுத்ததால் கொடுத்தது குறைந்துவிடவில்லை. அவளுக்குத் தேர் இழுத்துவிட்டு வந்து, சமைத்தவளைக் கடைசியில் உட்கார வைக்கிறோம்.

இப்போது கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுகிறேன். நான் கூப்பிட்டால் கடைசி இலை எனக்கு. கூட்டம் ஒன்றும் குறையவில்லை. போன ஆடிப்பூரத்தில் அம்மாவை முதல் பந்தியில் உட்கார வைத்தோம். நாலு வாய் உள்ளே போகவில்லை, "பெரியப்பாவுக்கு ரசம் ஊத்துனியாடா?" என்று எழப் பார்த்தாள்.

"ஊத்தியாச்சு, நீ உக்காரும்மா."

ஊற்றியிருக்கவில்லை. ஓடினேன்.