புகையும் வினாக்கொத்தும்

கட்டிளமைப் பருவத்துப் பிள்ளையொருவன் புகைத்தலைப் பற்றி என்ன எண்ணுகின்றான் என்பதை அளந்துவிட முடியுமா? முடியும் என்ற நம்பிக்கையிலேயே உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையமும் 1999ஆம் ஆண்டில் உலக இளைஞர் புகையிலை ஆய்வைத் தொடங்கின. 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர் வகுப்பறையிலிருந்து, பெயர் எழுதாது விடையளிப்பர். ஆய்வை முதலில் நடத்திய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஒரே வினாக்கொத்து பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு, நாட்டோடு நாடு ஒப்பிடப்படுகின்றது. நோக்கம் நல்லதே. ஆயின் அங்கு அளக்கப்படுவது எது? அவ்வளவையால் யாருக்குப் பயன்?

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வழக்கமான முறையொன்று உண்டு. பெயர்த்ததை வேறொருவர் மூலமொழிக்கு மீளப் பெயர்ப்பார். இரண்டும் பொருந்தினால் வினா செம்மையானது எனக் கொள்ளப்படும். சொற்கள் பொருந்தலாம், வாழ்க்கை பொருந்துமா? புகைத்தல் என்றதும் சிகரட்டையே நினைக்கும் மாணவன், பாட்டனாரின் சுருட்டையும் அதற்குள் அடக்குவானா? யாழ்ப்பாணத்திற் புகையிலை பயிரிட்டுப் பிள்ளையைப் படிப்பிக்கும் வீட்டில், புகையிலை தீங்கானதா என்னும் வினா உடல்நலத்தைப் பற்றியது மட்டுமன்று. தகப்பனின் உழைப்பைப் பற்றியதுமாகும். புகைக்கும் பெண்களுக்கு நண்பர் அதிகமா, குறைவா என்று கேட்டால், மாணவி கூறுவது தன் கருத்தையா, ஊரின் கண்டிப்பையா? சரி, பிழை என்று இரண்டே விடைகளுக்குப் பழக்கப்பட்ட வகுப்பறையில், 'அநேகமாக ஆம்' என்பதும் 'நிச்சயமாக ஆம்' என்பதும் எத்துணை வேறுபாட்டைக் காட்டும்?

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று, அறப்பிரச்சினை. 1992இல் அமெரிக்கப் பொருளியலாளர் கிப் விஸ்குசி, மக்கள் புகைத்தலால் விளையும் நுரையீரற் புற்றுநோய் அபாயத்தை உள்ளதைவிட மிகுதியாகவே மதிப்பிடுகின்றனர் என வாதித்தார். 'அறிந்தே புகைக்கின்றான், பொறுப்பு அவனுடையதே' என்னும் முடிவுக்கு அங்கிருந்து ஓரடி தூரமே. உளவியலாளர் போல் ஸ்லோவிக் இதனை மறுத்தார். 'இந்த ஒன்றினால் என்ன கேடு? வேண்டியபோது விட்டுவிடலாம்' என்றே இளைஞன் எண்ணுகின்றான். விட்டுவிடும் அந்த வல்லமையையே நிக்கொட்டின் பறித்துவிடும் என்பதை அவன் உணர்வதில்லை. அபாயத்தின் பெயரை அறிதல் வேறு. அது தன்னையும் பற்றும் என உணர்தல் வேறு. முன்னதை மட்டும் அளந்து பின்னதற்குத் தீர்ப்பு வழங்குவது அநீதியன்றோ?

மேலும், எண்ணங்கள் வானத்திலிருந்து விழுவனவல்ல. 1929இல் நியூயோர்க் வீதியிற் பெண்கள் சிகரட் ஏந்தி நடந்தபோது, அது விடுதலையின் சின்னமாகப் போற்றப்பட்டது. அதனை ஏற்பாடு செய்தவர், புகையிலைக் கம்பனியின் ஊதியம் பெற்ற எட்வர்ட் பேர்னேஸ். விதைத்தவனை விட்டுவிட்டு விளைச்சலை மட்டும் அளப்பது முழுமையான விஞ்ஞானமாகாது. இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தையும், 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடைசெய்தது. பொறுப்பு பிள்ளையினுடையது மட்டுமன்று என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது.

ஆகவே வினாக்கொத்தை எறிந்துவிட வேண்டுவதில்லை. எண்ணின்றித் தீமையின் பரப்பை அறிய முடியாது. விடையைக் கணக்கிடுமுன், 'இவ்வினாவை நீ எவ்வாறு விளங்கிக்கொண்டாய்?' எனப் பிள்ளையிடமே கேட்டறிதல் வேண்டும். அவன் சொல்லில் வினாவைத் திருத்துதல் வேண்டும். இப்பணிக்கு ஆசிரியரைவிடத் தகுதியுடையோர் யாவர்? பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் அளவுகோல் நமக்கு வேண்டாம். அவனைச் சூழ்ந்த புகை எங்கிருந்து வருகின்றது எனக் காட்டும் அளவுகோலே வேண்டும்.