நகைச்சுவைத் துணுக்குக்குப் பக்கத்தில் சாமி

பக்தியைத் தனி இதழாகப் பிரித்துக் கொடுப்பது பக்திக்கு நல்லதா? 2000-க்குப் பிறகு சக்தி விகடன், குமுதம் பக்தி என்று வார இதழ்க் குடும்பங்கள் ஆன்மிகத்தைத் தனிக்குடித்தனம் அனுப்பியபோது இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. அதற்கு முன்பு இருந்த ஏற்பாடு வேறு. 1926-ல் தொடங்கி, 1928-ல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடனிலும், 1941-ல் பிறந்த கல்கியிலும், 1947-ல் வந்த குமுதத்திலும் ஜோக்கு, தொடர்கதை, சினிமா, சாமி எல்லாம் ஒரே அட்டைக்குள் கிடந்தன. சில்பி வரைந்த கோயில் சிற்பங்கள் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்று விகடனில் வந்தன. ராஜாஜியின் ராமாயணம் ‘சக்கரவர்த்தித் திருமக’னாகக் கல்கியில் வந்து, 1958-ல் சாகித்ய அகாதெமி பரிசும் பெற்றது. அந்தக் கலவைதான் மதத்துக்கு ஆரோக்கியம் என்பது என் கட்சி.

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கலவை புதிதல்ல. மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், தூணுக்குத் தூண் சிற்பம் நிற்க, அதன் காலடியில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரமும் வளையலும் புத்தகமும் விற்றன. பிறகு கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். சிற்பங்களைக் காக்க அது தேவைதான், மறுக்கவில்லை. சாமியை ஜோக்கோடு சேர்த்து அச்சடிப்பது அவமரியாதை என்பவர்களும் இதே நியாயத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் கல்லுக்கு வேண்டிய காவல் நம்பிக்கைக்கும் வேண்டுமா?

கல்கியில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியதுமே வீர வைணவன் ஆழ்வார்க்கடியான் வந்து சைவரோடும் அத்வைதியோடும் மல்லுக்கு நிற்கிறான். வாசகர்கள் சிரித்தார்கள், அதனால் வைணவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இதைவிடக் கனமான சாட்சி, 1966-ல் விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’. கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். சீதைக்கு நெருப்பு, இவளுக்கு ஒரு குடம் தண்ணீர்! எதிர்ப்பு கிளம்பியது. தூய்மை உடலிலா மனத்திலா என்பது அகலிகை காலத்துக் கேள்வி. மடத்து விசாரமாக இருந்த அதைக் கூடத்துக்கும் அடுக்களைக்கும் கொண்டுபோனது குடும்ப வார இதழ். இதே கதை பக்தி இதழுக்கு வந்திருந்தால் அச்சேறியிருக்காது; இலக்கியச் சிற்றிதழுக்குப் போயிருந்தால் அந்தத் தாய்மார்களின் கைக்கு எட்டியிருக்காது.

ஸ்ரீராமகிருஷ்ண விஜயம் 1921 முதலே தனி ஆன்மிக இதழாக நடக்கிறதே என்று கேட்கலாம். அது மடம் நடத்துவது, தேடி வருபவருக்கானது. வீட்டுக்கு வந்த கலவையிலிருந்து பிரித்தெடுத்ததல்ல. இன்னொரு ஆட்சேபம் இவ்வளவு எளிதில் தீராது. வார இதழ்கள் காட்டிய மதம் பெரும்பாலும் பட்டணத்து மேல்சாதி வீட்டுப் பூஜையறை மதம். மதத்தையே கேள்வி கேட்ட பெரியாரின் ‘குடி அரசு’ம் 1925-லிருந்தே வார இதழ்தான், அந்தக் குரல் இவர்கள் பந்தியில் அதிகம் உட்காரவில்லை. அழகர்கோயிலில் பெருமாளுக்குக் காவலாகப் பதினெட்டாம்படிக் கருப்பர் நிற்கிறார். மேலமடைப் பாண்டி முனீஸ்வரர் கோயிலில் கிடா வெட்டிப் பந்தி நடக்கிறது. பெருமாளை உள்ளே அழைத்த ஆசிரியர்கள் கருப்பரை வாசலோடு நிறுத்தினார்கள். குற்றம்தான். ஆனால் அது கலந்ததால் வந்த குற்றமல்ல, போதாத அளவு கலந்ததால் வந்தது. இப்போது பக்தி இதழ்களில் கருப்பருக்கும் இடமுண்டு. எந்தப் பஸ்ஸில் போவது, என்ன நேர்ந்துகொள்வது, நடை எப்போது திறக்கும் என்றெல்லாம் போடுகிறார்கள். அடுத்த பக்கத்தில் அவரோடு சண்டைக்கு நிற்கும் கதை மட்டும் கிடையாது.